சோதித்துப் பார்க்க இடம் கொடுப்பவர்: தூத்துக்குடி வணிகத்தில் நேர்ச் சந்திப்பு

தூத்துக்குடிக்கு வணிகம் பேச வருகிறவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். வ.உ.சிதம்பரனார் துறைமுகம் இப்போது ஆண்டுக்கு 4 கோடி டன் அளவில் சரக்கைக் கையாள்கிறது. வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தன் மின்சாரக் கார் ஆலையை இங்கே தொடங்கியது. இறாலும் உப்பும் சென்னா இலையும் உலர்பூவும் வாங்க வருகிறவர்கள் முன்பிருந்தே உண்டு. வெளியூரிலிருந்து ஒரு பார்ட்டி வருகிறது என்றதும் அலுவலகத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப்படுகிறது, நல்ல ஓட்டலில் அறை பிடிக்கப்படுகிறது, மாலையோ பொன்னாடையோ வாங்கி வைக்கப்படுகிறது. இளைஞர்களுக்கு நடக்கும் பயிற்சி வகுப்புகளில் கை குலுக்கும் விதம், உடை, ஆங்கிலப் பேச்சு ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. இவை எல்லாம் எதற்காக என்ற கேள்வியைக் கொஞ்சம் பொறுமையாக ஆராய வேண்டியிருக்கிறது. வாங்க வந்தவர் மனத்தில் விற்பவரைப் பற்றி நல்ல எண்ணம் எப்படி உருவாகிறது? அது நிலைப்பது எதனால்? இந்தக் கடற்கரையின் வணிக வரலாறு இதற்குத் தெளிவான பதில் ஒன்றைத் தருகிறது என்பது என் வாதம். வந்தவர் தாமே சோதித்துப் பார்க்கத் தடையில்லாமல் இடம் கொடுப்பவரும், அவர் கண்டுபிடிக்கும் முன்பே தன் சரக்கின் குறையைச் சொல்லிவிடுபவரும்தான் நல்ல பெயர் எடுக்கிறார்கள். உடையும் பேச்சும் விருந்தும் அந்த வேலைக்குத் துணை நிற்கும் அளவுக்கே பயன்படுகின்றன.

முதலில் எதிர்த்தரப்பின் வலுவான சான்றையே பார்த்துவிடலாம். 2006இல் ஜேனின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் தோடொரோவ் என்ற இரு உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத முகங்களை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத்தக்கவரா, திறமைசாலியா என்று கேட்டார்கள். அந்தக் கண்ணிமைப்பு நேரத்தில் சொல்லப்பட்ட தீர்ப்பும், நேரக் கட்டுப்பாடு இல்லாமல் பார்த்துச் சொல்லப்பட்ட தீர்ப்பும் பெரும்பாலும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கிடைத்தவர்களுக்குத் தங்கள் தீர்ப்பின்மேல் உறுதிதான் கூடியது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன், 1946இல், சாலமன் ஆஷ் வேறொரு சோதனை செய்திருந்தார். ஒருவரைப் பற்றிய குணப்பட்டியலில் கனிவானவர் என்ற ஒரு சொல்லை மட்டும் கனிவற்றவர் என்று மாற்றினால் அந்த ஆளைப் பற்றிய முழுச் சித்திரமும் மாறிவிடுகிறது என்று அவர் காட்டினார். ஆகவே முதல் பார்வைக்கு வலிமை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் இந்த ஆய்வுகள் சொல்வது தீர்ப்பு எவ்வளவு விரைவாகப் பிறக்கிறது என்பதை மட்டுமே. அந்தத் தீர்ப்பு சரியானது என்று அவை சொல்லவில்லை. முகத்தைப் பார்த்துக் குணத்தை எடைபோடுவது நம்பகமான வழி இல்லை என்று தோடொரோவே பின்னாளில் விரிவாக எழுதினார். அனுபவமுள்ள வணிகருக்கு இது ஆய்வு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகம் ஏமாற்றும் என்று தெரிந்ததால்தான் வணிகர்கள் முகத்தை நம்பாமல் இருப்பதற்கான ஏற்பாடுகளைக் காலங்காலமாக உருவாக்கி வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஏற்பாடுகளில் மிகவும் நுட்பமானவை சில இந்தக் கரையில்தான் நடைமுறையில் இருந்தன.

முத்துச் சிலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, எடுத்துக்கொள்வோம். உலகில் விற்கப்படும் பண்டங்களில் மூடிய சிப்பியைப் போல விலை சொல்லக் கடினமான பண்டம் வேறு இருக்குமா என்பது சந்தேகம். உள்ளே முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். திறந்து பார்த்துவிட்டால் அதை மறுபடி சிப்பியாக விற்க முடியாது. மன்னார் வளைகுடாவில் முத்துச் சிப்பி விளையும் பார்களில் அரசு நடத்திய சிலாபங்களில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பருவம் தொடங்கும் முன்பே பார்களைப் பரிசோதித்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து வருவார்கள். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துக்களை விவரம் தெரிந்தவர்களிடம் கொடுத்து மதிப்பிடச் செய்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு மதிப்பு என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். கீழக்கரையிலிருந்தோ பம்பாயிலிருந்தோ பணத்தோடு புறப்படும் வணிகர், கரைக்கு வந்து சேரும் முன்பே தாம் எதை நம்பி வருகிறோம் என்று தெரிந்துகொண்டு வருவார். பிறகு அன்றன்று கரை சேர்ந்த சிப்பிகள் ஆயிரக்கணக்கில் எண்ணி ஏலம் விடப்படும். ஆதாய நட்டம் வாங்கினவரைச் சேர்ந்தது. ஏலத்தில் அவர் விலை கேட்கத் துணிந்ததற்குக் காரணம், விற்பவருக்கும் உள்ளே இருப்பது தெரியாது என்பதும், தெரிந்துகொள்ளக்கூடிய அளவு இரு தரப்புக்கும் பொதுவில் தெரியப்படுத்தப்பட்டிருந்தது என்பதும்தான்.

இதன் அருமை பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய கட்டுரையோடு வைத்துப் பார்க்கும்போது விளங்கும். பழைய கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு அவர் சொன்னது இது: பண்டத்தின் தரம் விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால், வாங்குபவர் எல்லாப் பண்டத்தையும் சந்தேகித்துக் குறைந்த விலையே கேட்பார். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல பண்டம் வைத்திருப்பவர் ஒதுங்கிக்கொள்வார். கடைசியில் சந்தையில் மட்டமானதே மிஞ்சும். இந்தச் சிந்தனைக்காக 2001இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. முத்து வணிகம் இந்தச் சிக்கலை ஏட்டில் எழுதி வைக்கவில்லை, நடைமுறையில் எதிர்கொண்டது. சிப்பியைக் கழுவி முத்து எடுத்த பிறகு நடந்த இரண்டாவது வணிகத்திலும் இதைக் காணலாம். முத்துக்களைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதல் சல்லடையில் 20 துளைகள், அடுத்து 30, 50, 80, 100 என்று கூடி, கடைசிச் சல்லடையில் 1,000 துளைகள். துளை எண்ணிக்கை கூடக்கூட அதன் அளவு சிறுத்துக்கொண்டே போகும். எந்தச் சல்லடையில் முத்து தங்கியது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு எழ வழியில்லை. நிறத்தையும் உருட்டையும் ஒளியையும் பற்றிப் பேரம் பேசலாம். பருமனைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. வாய்ச்சொல்லை நம்ப வேண்டிய இடத்தை இப்படிச் சுருக்கிய பிறகுதான் வாய்ச்சொல்லுக்கே மதிப்பு வந்தது. சல்லடையைத் தயங்காமல் எடுத்து முன்னால் வைக்கிறவர் நிறம் பற்றிச் சொல்வதையும் வாங்குபவர் காது கொடுத்துக் கேட்பார்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம். இதே முத்து, ரத்தின வணிகத்தில் துணிக்கடியில் கைவிரல் பிடித்து விலை பேசும் வழக்கமும் இருந்ததே, அது ஒளிவுமறைவு இல்லையா? 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் ரத்தின வணிகம் செய்த பிரெஞ்சுக்காரர் தவெர்னியே இதை விவரித்திருக்கிறார். கை முழுவதையும் பிடித்தால் ஆயிரம், ஒரு விரல் நூறு, விரலின் பாதி ஐம்பது, நுனி பத்து. சுற்றிலும் ஆட்கள் இருந்தாலும் என்ன விலை பேசினார்கள் என்பது அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கடியில் விலை பேசுவது இன்றைக்கும் வழக்கத்தில் இருக்கிறது. இதைக் கவனித்துப் பார்த்தால் என் வாதத்துக்கு இது எதிரானதாகத் தெரியவில்லை. மறைக்கப்பட்டது பண்டம் அன்று. முத்து எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. மறைக்கப்பட்டது பேரம் மட்டுமே. வாங்க வந்தவர் எவ்வளவு குறைத்துக் கேட்டார், எவ்வளவு ஏற்றிக் கொடுத்தார், எந்த இடத்தில் விட்டுக்கொடுத்தார் என்பவை அவருடைய மானத்தைச் சேர்ந்தவை. அவற்றை நாலு பேர் முன் போட்டு உடைக்காமல் காப்பது விற்பவர் காட்டும் மரியாதை. பண்டத்தில் வெளிப்படை, பேரத்தில் அடக்கம் என்ற இந்த இரண்டும் சேர்ந்துதான் முழு நாகரிகம். இன்று பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வந்தவரிடமே அவருடைய போட்டியாளர் என்ன விலைக்கு வாங்குகிறார் என்று சொல்லித் தமது நெருக்கத்தைக் காட்டிக்கொள்கிறார்கள். கிடங்கை மட்டும் பூட்டி வைக்கிறார்கள். தன் விலையும் நாளை அடுத்தவர் மேசையில் பேசப்படும் என்று அந்த வாடிக்கையாளர் அந்த நிமிடமே புரிந்துகொள்வார்.

சரக்கை விற்பதற்கு மட்டும் இது பொருந்தும் என்றில்லை. பங்கு விற்பதற்கும் பயணச்சீட்டு விற்பதற்கும் பொருந்தும் என்பதை இதே ஊரில் சுதேசி நாவாய்ச் சங்கம் காட்டியது. வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் பதிவு செய்த அந்த நிறுவனத்தின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகள் வாங்கினார். கப்பலே இல்லாத ஒரு கப்பல் நிறுவனத்துக்கு மனிதர்கள் பணம் கொடுத்தார்கள். தேச உணர்வு பெரிய காரணம்தான். ஆனால் உணர்வை மட்டும் நம்பி வ.உ.சி. பணம் கேட்கவில்லை. சட்டப்படி பதிவு, அறிவிக்கப்பட்ட மூலதனம், பெயர் சொல்லக்கூடிய பொறுப்பாளர்கள், சிறு வணிகரும் எட்டிப் பிடிக்கக்கூடிய பங்கு விலை என்று, கேட்பவர் கேள்வி கேட்பதற்கான எல்லாவற்றையும் முன்னால் வைத்துவிட்டுத்தான் கேட்டார். குத்தகைக்குக் கிடைத்த கப்பல்கள் ஆங்கிலேயரின் நெருக்குதலால் கைவிட்டுப் போனபோது, பம்பாய்க்கு நேரில் சென்று, கப்பலோடுதான் திரும்புவேன் என்ற உறுதியோடு நின்று, காலியா கப்பலைக் கொண்டுவந்தார். லாவோ என்ற கப்பலும் வந்து சேர்ந்தது. சொன்ன சொல்லைத் துறையில் நிறுத்திக் காட்டினார். எதிரே பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாக ஏற்றிக்கொள்வதோடு குடையும் தருவதாகச் சொன்னது. வாடிக்கையாளரைக் கவர்வதற்கு இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? ஆனாலும் சுதேசிக் கப்பலை மக்கள் கைவிட்டதால் அந்த நிறுவனம் விழவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். அரசின் அடக்குமுறை தொடர்ந்தது. 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. நேர்மையாக நடந்தும் தோற்றுவிட்டாரே என்று இதைக் காட்டி வாதிடுபவர்கள், அவரைத் தோற்கடிக்க ஓர் அரசாங்கமே முனைய வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இன்றைய தொழில்களுக்கு வருவோம். உறைய வைத்த இறால் வாங்க வரும் வெளிநாட்டுப் பிரதிநிதி வரவேற்பறையில் இருக்கும் நேரம் குறைவு. தொழிற்கூடத்துக்குள் போனதும் ஏதாவது ஒரு பெட்டியைத் தாமே சுட்டிக்காட்டி எடுக்கச் சொல்வார். பனியைக் கரைத்து, நீரை வடித்து, எடை போட்டுப் பார்ப்பார். பெட்டியில் அச்சிட்ட எடை இறாலின் எடையா, மேலே பூசிய பனியையும் சேர்த்த எடையா என்பது அப்போது தெரிந்துவிடும். 16/20 கவுன்ட் என்று எழுதியிருந்தால் ஒரு பவுண்டுக்கு 16 முதல் 20 இறால் இருக்கிறதா என்று எண்ணுவார். உப்பு வாங்குகிறவர் வெண்மையைப் பார்த்து மயங்கமாட்டார். ஈரப்பதம், கால்சியம், மக்னீசியம், கரையாத மண் எவ்வளவு என்று ஆய்வறிக்கை கேட்பார். சென்னா இலை வாங்குகிறவர் மூட்டையின் வாயில் இருக்கும் பச்சை இலையை விட்டுவிட்டு அடியில் கைவிட்டுப் பார்ப்பார். இந்த நேரத்தில் விற்பவர் என்ன செய்கிறார் என்பதில்தான் எண்ணம் உருவாகிறது. வந்தவர் சுட்டிய பெட்டியை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துவரச் சொல்பவரும், சோதனை நடக்கும்போது பேச்சுக் கொடுத்துக் கவனத்தைத் திருப்புபவரும் அந்தக் கணத்திலேயே தோற்றுவிடுகிறார்கள். இந்த லாட்டில் உடைசல் கொஞ்சம் கூடுதல், அதனால் விலையைக் குறைத்துப் போட்டிருக்கிறோம், அதையும் பாருங்கள் என்று தாமே எடுத்துக் காட்டுபவரிடம் வந்தவருக்கு ஒரு நிம்மதி பிறக்கிறது. அடுத்த லாட்டை நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லும்போது, அந்தச் சொல் எடுபடுகிறது.

குறையைச் சொன்னால் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடும் என்பது இதற்கு எழும் முக்கியமான எதிர்ப்பு. ஒரே ஒரு தடவை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போகிறவருக்கு இது உண்மையாக இருக்கலாம். துறைமுக வணிகத்தில் அப்படிப் போகிறவர் யாரும் இல்லை. சரக்கு கடல் கடந்த பிறகும் சோதனை முடிவதில்லை. திருப்பி அனுப்பப்பட்ட உணவுச் சரக்குகளின் பட்டியலை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நிறுவனத்தின் பெயரோடு பொதுவில் வெளியிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் எச்சரிக்கை அறிவிப்பு முறை இருக்கிறது. மறைத்த குறை அங்கே வெளிப்பட்டால் கப்பல் கூலி, கிடங்கு வாடகை, திரும்பி வரும் செலவு எல்லாம் விற்றவர் தலையில் விழும். கேடு அவரோடு நிற்பதும் இல்லை. இந்தியப் பண்ணை இறாலில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் எச்சம் திரும்பத் திரும்பத் தென்பட்டதால், இந்தியாவிலிருந்து வரும் வளர்ப்பு மீன் பொருள்களில் எல்லையில் சோதிக்கப்படும் பங்கை ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. ஒழுங்காக நடந்த ஏற்றுமதியாளரும் அந்தத் தாமதத்தையும் செலவையும் சுமக்க வேண்டியதாயிற்று. அகெர்லாஃப் சொன்ன சந்தேகத்தின் விலை இதுதான். ஒருவர் தன் அறைக்குள் செய்யும் மறைப்பு ஊர் முழுவதற்கும் வரியாகிறது. ஆகவே வந்தவரிடம் உண்மை பேசுவது தனி மனித ஒழுக்கம் என்ற அளவோடு முடிவதில்லை. இந்தத் துறையிலிருந்து ஏற்றுமதி செய்யும் எல்லோருடைய பொதுச் சொத்தையும் அது காக்கிறது.

வேறு சிலர் நேர்ச் சந்திப்பே தேவையில்லை என்பார்கள். தரச் சான்றிதழ் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, காணொளியில் தொழிற்கூடத்தைச் சுற்றிக் காட்டலாம், பிறகு எதற்கு விமானம் ஏறி வர வேண்டும்? கொரோனா காலத்தில் பலர் வராமலேயே வாங்கினார்கள் என்பதும் உண்மை. ஆனால் சான்றிதழ் பேசுவது நடந்து முடிந்ததைப் பற்றி. இந்த மாதிரி, இந்த நாளில், இந்த அளவில் இருந்தது என்பதோடு அது நின்றுகொள்ளும். மழையில் உப்பு கரைந்து சரக்கு குறைந்தால், கப்பல் தாமதமானால், கொள்கலனில் குளிர் குறைந்தால் இந்த மனிதர் தொலைபேசியை எடுப்பாரா என்பது எந்தச் சான்றிதழிலும் இல்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் வாங்குபவர் நேரில் வருகிறார். முதலாளி பேசும்போது தொழிலாளர்கள் முகம் எப்படி இருக்கிறது, மேற்பார்வையாளர் தெரியாது என்று சொல்ல அஞ்சுகிறாரா, கேள்விக்குப் பதில் இல்லாதபோது விசாரித்துச் சொல்கிறேன் என்கிறார்களா, இல்லை எதையாவது சொல்லிச் சமாளிக்கிறார்களா என்று அவர் கவனிக்கிறார். காணொளியில் கேமரா போகும் திசையை விற்பவர் முடிவு செய்கிறார். நேரில் வந்தவர் தாம் விரும்பிய கதவைத் திறக்கிறார். எத்தனை கருவிகள் வந்தாலும் நேர்ச் சந்திப்பின் மதிப்பு குறையாமல் இருப்பதற்குக் காரணம் இந்தச் சுதந்திரம்தான்.

அப்படியானால் உடைக்கும் உபசரிப்புக்கும் இடமே இல்லையா? உண்டு, ஆனால் அவற்றின் அளவு வேறு. சுத்தமான உடை, சொன்ன நேரத்துக்கு விமான நிலையத்தில் நிற்பது, வந்தவர் பெயரைச் சரியாக உச்சரிப்பது, அவர் என்ன உண்பார் என்ன உண்ணமாட்டார் என்று முன்பே கேட்டறிவது எல்லாம் அவர் வேலையை மனம் சிதறாமல் செய்ய உதவுகின்றன. தூத்துக்குடி வெயிலில் கோட்டும் டையும் அணிந்து வியர்ப்பவரைவிட, துவைத்துத் தேய்த்த பருத்திச் சட்டையில் உப்பளத்து வரப்பில் கூடவே நடக்கிறவர் தன் தொழிலைத் தெரிந்தவராகத் தெரிவார். ஆங்கிலம் தடுமாறினால் நல்ல மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்வது, புரியாததற்கும் தலையாட்டுவதைவிட எவ்வளவோ மேல். விருந்தோம்பல் நம் பண்பாடு. அதை யாரும் விட வேண்டியதில்லை. ஆனால் வந்தவரைக் காலையில் கோயிலுக்கும் மதியம் விருந்துக்கும் மாலையில் கடற்கரைக்கும் அழைத்துப் போய், கிடங்குக்கு அரை மணி நேரம் மட்டும் ஒதுக்கினால், விருந்து திரையாகிவிடுகிறது. சரக்கை முதலில் காட்டிவிட்டுப் பிறகு இலை போட்டால் அதே விருந்து உறவாகிறது. பரிசுப் பொருளும் அப்படித்தான். பல நிறுவனங்கள் தம் பிரதிநிதிகள் பரிசு வாங்கக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. விலையுயர்ந்த பொருளைக் கையில் திணிப்பது அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடும்.

இந்த வாதம் ஏற்கெனவே வசதியுள்ளவர்களுக்கே உதவும் என்று நினைக்கத் தோன்றலாம். உண்மை நேர்மாறானது. பளபளப்பான வரவேற்பறை கட்டப் பெருமுதல் வேண்டும். துல்லியமான தராசும் ஒழுங்கான கணக்கும் திறந்த கிடங்கும் சிறு ஏற்றுமதியாளருக்கும் கைக்கெட்டுபவை. அதே நேரத்தில், சோதனை சரக்கோடு நின்றுவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். கொற்கையின் முத்துக்குளிப்பில் தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாக முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கப் பயணநூல் ஒன்று குறிப்பிடுகிறது. பின்னாள் அரசுச் சிலாபங்களில் உயிரைப் பணயம் வைத்து மூழ்கியவர்களுக்குக் கிடைத்தது சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. பம்பாய்ச் சந்தையில் முத்தை உருட்டிப் பார்த்தவருக்கு மூழ்கியவரின் மூச்சைப் பற்றிக் கேட்கும் கடமை இருந்ததில்லை. இன்று அந்தக் கேள்வி வந்துவிட்டது. இறால் உரிக்கும் பெண்களுக்குக் கூலி என்ன, கழிப்பறை எங்கே, உப்பளத்தில் நிழலும் குடிநீரும் கண்ணாடியும் கொடுக்கிறீர்களா என்று வாங்குபவர்கள் கேட்கிறார்கள். வாங்குபவர் வரும் நாளைக்கு மட்டும் புதுக் கையுறை மாட்டிவிட்டு ஏமாற்ற முடியும் என்று நினைப்பவர், சல்லடையை மறைத்து வைக்கும் வணிகரே ஆவார். தன் தொழிலாளியிடம் தனியாகப் பேச வாடிக்கையாளரை அனுமதிக்கத் துணிவுள்ள முதலாளியைவிட வலுவான சிபாரிசு வேறு எதுவும் இல்லை.

1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நடந்த சிலாபங்களுக்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் அருகிலுள்ள வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள் என்றாலும், பழைய முத்துச் சந்தை திரும்பவில்லை. ஆனால் அந்தச் சந்தை கண்டுபிடித்த ஒழுக்கம் இன்றைய தொழில்கள் அனைத்துக்கும் அப்படியே பயன்படக்கூடியது. இந்த ஊரின் கல்லூரிகளும் வணிகச் சங்கங்களும் இளைஞர்களுக்கு நேர்ச் சந்திப்பைக் கற்பிக்கும்போது இதிலிருந்து தொடங்க வேண்டும். தன் சரக்கின் மூன்று குறைகளைத் தயங்காமல் விளக்கத் தெரிய வேண்டும். வாங்குபவர் முன் எடை போட்டு, எண்ணி, எழுதிக் கையெழுத்திடத் தெரிய வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, சொன்ன நாளில் பதில் அனுப்பத் தெரிய வேண்டும். ஒருவர் விலையை இன்னொருவரிடம் பேசாமல் இருக்கத் தெரிய வேண்டும். கை குலுக்கவும் டை கட்டவும் ஒரு மணி நேரத்தில் பழகிக்கொள்ளலாம். இவற்றுக்கு ஆண்டுக்கணக்கான பயிற்சி தேவை. வீட்டிலும் கடையிலும் முதலாளியின் நடத்தையிலும் பார்த்துப் பார்த்துத்தான் இவை வரும். தூத்துக்குடிக்கு உலகம் வந்துகொண்டிருக்கும் இந்த நேரத்தில் அந்தப் பயிற்சியைத் தள்ளிப்போட நமக்கு நியாயம் எதுவும் இல்லை.